பெட்ரோலில் ஓடுது, கேஸில் இருமுது

கேள்வி: பெட்ரோலிலும் சி.என்.ஜி.யிலும் ஓடுகிற நாலு சிலிண்டர் பிக்கப் வைத்திருக்கிறேன். 46,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஒட்டன்சத்திரத்தில் உரமூட்டை ஏற்றிக்கொண்டு பாச்சலூர் மலை ஏறும்போது வண்டி மிஸ் அடிக்கிறது. பெட்ரோலுக்கு மாற்றினால் சரியாகிவிடுகிறது. கேஸ் ரெகுலேட்டர் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார் ஒரு மெக்கானிக். இரிடியம் பிளக் போட்டால் இழுவை கூடும் என்கிறார் என் மச்சான். போன மாதம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பிளக்குகளைக் கழற்றிச் சுரண்டிப் போட்டுக் கொடுத்தார்கள். நாலு நாள் நன்றாக ஓடியது, பிறகு பழைய கதைதான். எதை மாற்றுவது?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: ‘நாலு நாள் நன்றாக ஓடியது’ என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், விடை அதற்குள்தான் இருக்கிறது. ரெகுலேட்டரில் கோளாறு என்றால் பிளக்கைச் சுரண்டியதும் வண்டி ஏன் சரியாக வேண்டும்? ரெகுலேட்டருக்குப் பணம் கொடுப்பதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். முதலில் நாலு பிளக்கையும் மாற்றுங்கள்.

பெட்ரோலில் ஒழுங்காக ஓடும் வண்டி கேஸில் மட்டும் மிஸ் அடிப்பதால் எல்லோரும் கேஸ் கிட் மேல் பழி போடுகிறார்கள். உண்மையில் பெட்ரோல் கலவையைவிட இயற்கை எரிவாயுக் கலவையைப் பற்றவைக்கப் பொறிக்கு அதிக வோல்டேஜ் வேண்டும். சுமையோடு ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடக்கூடப் பொறி தாண்டுவது இன்னும் கடினம். ஒவ்வொரு பொறியும் பிளக் முனையிலுள்ள உலோகத்தைத் துளித்துளியாகத் தின்கிறது. நடுவிலுள்ள கேப், வெட்ட வெட்ட அகலும் வாய்க்கால் மாதிரி பெரிதாகிக்கொண்டே போகிறது. சமதரையில், பெட்ரோலில், இக்னிஷன் காயில் எப்படியோ சமாளித்துவிடும். கேஸ், சுமை, ஏற்றம் மூன்றும் சேரும் இடத்தில் கைவிட்டுவிடும். அதாவது, தேய்ந்த பிளக்கை முதலில் காட்டிக்கொடுப்பது கேஸ்தான்.

சுரண்டினால் ஏன் நாலு நாள் ஓடியது? உலோகத்தின் விளிம்பு கூராக இருந்தால் பொறி சுலபமாகத் தாண்டும். உப்புத்தாள் மழுங்கிய விளிம்பைத் தற்காலிகமாகக் கூராக்கிவிட்டது. அது மறுபடி மழுங்க நாலு நாள் போதும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்திருந்தால் இன்னும் மோசம். வெள்ளைப் பீங்கான்மேல் உலோகக் கோடு விழுந்து, மின்சாரம் அந்த வழியாகவே கசிய ஆரம்பிக்கும்.

அடுத்து, எந்த பிளக்? உங்கள் வண்டியின் கையேட்டில் போட்டிருக்கும் நம்பர் எதுவோ அதுதான். கடைக்காரர் ‘இதே சைஸ்தான் சார்’ என்று வேறொன்றை நீட்டினால் வாங்குவதற்கு முன் நம்பரைப் படியுங்கள். எடுத்துக்காட்டுக்கு, என்.ஜி.கே.யின் பி.கே.ஆர்.6.இ-11. இதில் ‘பி’ என்றால் மரை 14 மி.மீ.; ‘ஆர்’ என்றால் உள்ளே ரெசிஸ்டர் இருக்கிறது; ‘6’ வெப்ப எண்; ‘இ’ என்றால் மரையின் நீளம் 19 மி.மீ.; ‘11’ என்றால் கேப் 1.1 மி.மீ. ‘ஆர்’ இல்லாத பிளக்கைப் போட்டால் பொறியின் மின் இரைச்சல் என்ஜின் கம்ப்யூட்டரான இ.சி.யு.வைக் குழப்பும். நீளம் கூடிய பிளக் பிஸ்டனில் இடிக்கலாம். நீளம் குறைந்தால் ஹெட்டில் மிச்சமிருக்கும் மரையில் கரி ஏறிவிடும். பிறகு சரியான பிளக்கே உள்ளே போகாது.

வெப்ப எண்ணில்தான் பலர் ஏமாறுகிறார்கள். என்.ஜி.கே., டென்சோ இரண்டிலும் எண் கூடினால் பிளக் சீக்கிரம் சூட்டை இறக்கும், ‘கோல்டு’ பிளக். பாஷில் அப்படியே தலைகீழ், எண் கூடினால் ‘ஹாட்’. என்.ஜி.கே. 6, டென்சோ 20, பாஷ் 7 மூன்றும் ஏறக்குறைய ஒன்று. பெரியவர்கள் இன்னமும் ‘மைக்கோ பிளக்’ என்று கேட்டு வாங்குவது இந்த பாஷைத்தான். பெங்களூர் மைக்கோ 2008இல் பெயரை மாற்றிக்கொண்டது. கேஸ் எரியும்போது பிளக் கூடுதலாகச் சூடேறும் என்பதால் ‘ஹாட்’ பக்கம் ஒரு படிகூட நகராதீர்கள்.

உங்கள் மச்சான் சொல்லும் இரிடியம் நல்ல பிளக்தான், ஆனால் இழுவை கூடாது. முனை மெல்லியது, மெதுவாகத் தேயும், கேப் நீண்ட நாள் மாறாமல் இருக்கும், அவ்வளவுதான். கேஸில் ஓடும் வண்டிக்கு அதுவே பெரிய விஷயம். உங்கள் வண்டிக்கென்று கம்பெனி பட்டியலில் இரிடியம் இருந்தால், தினமும் மலை ஏறுகிறவர் என்பதால், தாராளமாகப் போடுங்கள். நிக்கல் பிளக் என்றால் 20,000 கி.மீ.க்கு ஒருமுறை கழற்றிக் கேப் பாருங்கள். எதுவாக இருந்தாலும் கேஸில் இழுவை பெட்ரோலைவிடச் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைவாகவே இருக்கும். உள்ளே போகும் கேஸ், காற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதை எந்த பிளக்காலும் மீட்க முடியாது.

கேப்பைக் கையேட்டின்படி ஃபீலர் கேஜ் வைத்துப் பாருங்கள். வெளியில் கேஸ் கிட் பொருத்திய வண்டிகளில் 0.7, 0.8 மி.மீ. என்று குறைத்து வைப்பது வழக்கம். கம்பெனியிலேயே கேஸோடு வந்த வண்டிக்கு அந்த வழக்கம் வேண்டாம். இரிடியம் முனையை எதைக்கொண்டும் நெம்பாதீர்கள், உடைந்துவிடும்.

மாற்றும்போது என்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். இந்த வகை வண்டிகளில் என்ஜின் பெரும்பாலும் சீட்டுக்கு அடியில் இருப்பதால், செருப்பு மண்ணிலிருந்து வெங்காயத் தோல் வரை எல்லாம் பிளக் குழிக்குள் இறங்கியிருக்கும். காற்றடித்துச் சுத்தம் செய்துவிட்டுக் கழற்றுங்கள். இல்லாவிட்டால் அத்தனையும் சிலிண்டருக்குள் விழும். புது பிளக்கை ஒரு துண்டு ரப்பர் ஹோஸில் சொருகி, விரலால் திருகி இறக்குங்கள். மரை கோணலாகப் பிடித்தால் ஹோஸ் வழுக்கிவிடும். ஸ்பேனர் வழுக்காது, அலுமினிய ஹெட்டின் மரையை அறுத்துக்கொண்டு போகும். 14 மி.மீ. பிளக்குக்கு டார்க் ரெஞ்சில் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். ரெஞ்ச் இல்லையென்றால், வாஷர் உட்கார்ந்த பிறகு அரைச் சுற்று. மரைக்கு கிரீஸ் தடவ வேண்டாம். தடவினால் அளவுக்கு மீறி இறுகும்.

கழற்றிய பிளக்குகளைச் சிலிண்டர் வரிசைப்படி வையுங்கள். கேஸில் புகை குறைவு, அதனால் முனை சற்று வெளுத்திருந்தால் பயப்பட வேண்டாம். ஒன்று மட்டும் எண்ணெய் வடிந்திருந்தால் அது பிளக்கின் குற்றமில்லை, ரிங்கையோ வால்வு சீலையோ பார்க்க வேண்டும். காயிலுக்குக் கீழே உள்ள ரப்பர் பூட்டின் உட்புறத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். முடி போன்ற கருப்புக் கோடு தெரிந்தால் பொறி அந்த வழியாக ஓடுகிறது என்று அர்த்தம். பூட்டை மாற்றாமல் பிளக்கை மட்டும் மாற்றினால் மறுபடியும் எனக்கு எழுதுவீர்கள்.

இன்னொன்று: என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது காயிலை ஒவ்வொன்றாகப் பிடுங்கி ‘எந்தச் சிலிண்டர்’ என்று பார்க்க விடாதீர்கள். எரியாத எரிபொருள் புகைக் குழாயிலுள்ள கேட்டலிஸ்ட்டுக்குள் போய் எரிந்து அதையே உருக்கிவிடும். ஸ்கேனரில் பி0302 என்று வந்தால் இரண்டாம் சிலிண்டர். அந்தக் காயிலை மூன்றாவதில் மாட்டி ஓட்டிப் பாருங்கள்; பிழை எண் பி0303 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி.

இவ்வளவுக்குப் பிறகும் மிஸ்ஸிங் இருந்தால் கேஸ் ஃபில்டர், கடைசியாக ரெகுலேட்டர். கேஸ் சிலிண்டரில் 200 பார் அழுத்தம் இருக்கிறது. அந்தக் குழாய்களை அங்கீகாரம் பெற்ற சி.என்.ஜி. சென்டர் தவிர யாரும் பிரிக்கக் கூடாது. அங்கே போனால் சிலிண்டர் சோதனைத் தகட்டில் தேதியையும் பார்த்துவிடுங்கள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சோதனை கட்டாயம்.