ஏப்ரல் 15 வரைதான்: நாயோடு பாலைநிலத்தில் முகாமிடுவோருக்கு

பருவம்: மார்ச் தொடக்கம் முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை
பகுதி: மொஹாவே, சொனோரன் பாலைநிலங்கள் (தென்கிழக்குக் கலிபோர்னியா, மேற்கு அரிசோனா)

அரிசோனாவின் குவார்ட்சைட் ஊரைச் சுற்றியுள்ள கூட்டரசு நிலங்களில் நெடுநாள் தங்குவோருக்கான பருவம் செப்டம்பர் 15இல் தொடங்கி ஏப்ரல் 15இல் முடிகிறது. குளிர்காலம் முழுவதும் அங்கே வண்டியை நிறுத்தி வாழ்ந்தவர்கள் அந்தத் தேதியை ஒட்டிக் கிளம்பிவிடுகிறார்கள். வெயிலை அறிந்தவர்களின் கணக்கு அது. நாயோடு பாலைக்குப் போக நினைக்கும் நீங்களும் அதையே எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். டெத் வேலியில் பகலின் உச்ச வெப்பம் மார்ச்சில் சராசரியாக 28 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். ஏப்ரலில் 32ஐத் தொடும், மே மாதத்தில் 38க்குப் போய்விடும். நமக்கு மே மாதம் கடினம். நாய்க்கோ ஏப்ரல் கடைசியே ஆபத்து.

இந்த ஆலோசனைகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே உண்மைதான் இருக்கிறது: நாய் மறுக்காது. கால் சுட்டாலும் நடக்கும். நாக்கு வறண்டாலும் நீங்கள் போகிற பக்கமே வரும். விழுகிற வரை உங்களை நம்பி வரும். அதனால் 'போதும்' என்று சொல்லவேண்டிய பொறுப்பு முழுக்க உங்களுடையது.

இந்த வாரமே செய்யுங்கள்

• வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்றிதழ் காலாவதியாகிவிட்டதா என்று பாருங்கள். கைவசம் ஒரு நகல் இருக்கட்டும்.
• மைக்ரோசிப் பதிவில் இருப்பது உங்கள் இப்போதைய தொலைபேசி எண்தானா என்று சரிபாருங்கள். கழுத்துப்பட்டையிலும் அதே எண் இருக்கவேண்டும்.
• நீங்கள் போகும் இடத்துக்கு மிக அருகில், இரவிலும் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை எது என்று கண்டுபிடித்து, பாம்புக்கடிக்கான விஷமுறிவு மருந்து இருப்பில் உள்ளதா என்று கேளுங்கள். முகவரியையும் எண்ணையும் தாளில் எழுதி வையுங்கள். மொஹாவே தேசியக் காப்பகத்தின் பெரும்பகுதியில் கைபேசிச் சமிக்ஞை கிடைக்காது. அங்குள்ள கெல்சோ மணல்மேடுகளிலிருந்து லாஸ் வேகஸ் சாலைவழி 150 கிலோமீட்டருக்கும் மேல்.
• எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள்.
• பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்கள், மிக வயதானவை, இதய நோய் உள்ளவை ஆகியவற்றை இந்தப் பயணத்துக்கு அழைத்துப் போகாதீர்கள். வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் விட்டுச் செல்வதும் அன்புதான்.

எங்கே போகலாம்

'தேசியப் பூங்கா' என்ற பெயரைப் பார்த்து நாயை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். டெத் வேலியில் வண்டி போகும் சாலைகளிலும் முகாம் திடல்களிலும் மட்டுமே நாய்க்கு அனுமதி, நடைபாதைகளில் இல்லை. ஜோஷுவா ட்ரீயிலும் கிட்டத்தட்ட அப்படியே: சாலையிலிருந்தோ முகாம் திடலிலிருந்தோ 100 அடிக்கு மேல் நாய் விலகக் கூடாது. கலிபோர்னியாவின் மிகப் பெரிய மாநிலப் பூங்காவான அன்சா-பொரேகோவில் மண்சாலைகளில் நாயோடு நடக்கலாம், நடைபாதைகளில் கூடாது. இரவில் நாய் கூடாரத்துக்குள்ளோ வண்டிக்குள்ளோதான் இருக்கவேண்டும்.

1994இல் உருவான மொஹாவே தேசியக் காப்பகம் இவற்றைவிடத் தாராளமானது. கயிற்றில் பிடித்த நாயோடு அங்கே நடைபாதைகளிலும் போகலாம். கூட்டரசு நில மேலாண்மைத் துறையின் திறந்த நிலங்களில் பொதுவாக ஓரிடத்தில் 14 நாட்கள் வரை கட்டணமின்றித் தங்கலாம். பூங்காக்களில் கயிற்றின் நீளம் 6 அடிக்கு மிகக் கூடாது. திறந்த நிலத்தில் யாரும் கேட்கமாட்டார்கள் என்றாலும் கயிற்றை அவிழ்க்காதீர்கள். ஒரு முயல் குறுக்கே ஓடினால் போதும், நாய் உங்கள் குரலுக்கு எட்டாத தூரம் போய்விடும். பழைய சுரங்கக் குழிகள் ஆயிரக்கணக்கில் மூடப்படாமல் கிடக்கும் நிலம் இது.

தண்ணீர்க் கணக்கு

வீட்டில் 20 கிலோ எடையுள்ள நாய் ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் அல்லது சற்று அதிகமாகக் குடிக்கும். பாலையில் அதை மூன்று லிட்டராக வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர். இருவரும் ஒரு நாயும் மூன்று நாள் தங்கினால் ஆட்களுக்கு 24, நாய்க்கு 9. இதற்குமேல் யாரும் தொடாத 10 லிட்டரை வண்டியில் தனியாக வையுங்கள். அது குடிப்பதற்கல்ல, வெப்பத்தாக்கம் வந்தால் நாயின் உடலில் ஊற்றுவதற்கு. ஆக மொத்தம் 43 லிட்டர். ஒரே பெரிய தொட்டியில் நிரப்பாமல் பல கேன்களில் பிரித்து வையுங்கள். ஒன்று ஓட்டையானாலும் மற்றவை மிஞ்சும்.

தண்ணீர்க் கிண்ணத்தைத் திறந்தபடி வைத்துவிட்டுப் போகாதீர்கள். வறண்ட இளவேனிலில் ஈரம் எங்கே இருக்கிறது என்று தேனீக்கள் தேடி அலைகின்றன. அரிசோனாவுக்கு 1993இலும் கலிபோர்னியாவுக்கு 1994இலும் வந்துசேர்ந்த ஆப்பிரிக்கக் கலப்பினத் தேனீக்கள் கூட்டமாகத் துரத்திக் கொட்டுபவை. நாய் குடித்து முடித்ததும் மிச்சத்தைக் கொட்டிக் கிண்ணத்தைத் துடைத்து வையுங்கள். தேனீக்கள் சூழ்ந்தால் கையை வீசாமல் நாயை இழுத்துக்கொண்டு வண்டிக்குள் ஓடிக் கதவைச் சாத்துங்கள்.

இயற்கை நீர்நிலைகளுக்கு அருகில் முகாமிடவே வேண்டாம். காட்டுவிலங்குகளும் கால்நடைகளும் தண்ணீருக்கு வர முடியாதபடி கால் மைலுக்குள் தங்குவது அரிசோனாவில் சட்டப்படி குற்றம். அந்தச் சுனையை விட்டால் பெருங்கொம்பு ஆடுகளுக்கு வேறு தண்ணீர் இல்லாமல் இருக்கலாம். நாயின் வாடை அடித்தால் அவை தாகத்தோடு திரும்பிப் போய்விடும்.

வெயில்

நடை என்றால் ஏறுவெயிலுக்கு முன் ஒரு மணி நேரம், இறங்குவெயிலுக்குப் பின் ஒரு மணி நேரம். அவ்வளவுதான். உச்சிப் பொழுதில் வண்டியின் நிழலிலும் விரித்த தார்ப்பாயின் நிழலிலும் இருங்கள். நடக்கும் முன் புறங்கையை மணலிலோ தார்ச்சாலையிலோ ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது. காற்று வெறும் 25 டிகிரியில் இருக்கும்போதே தார்ச்சாலை 50 டிகிரியைத் தாண்டிவிடக்கூடும்.

நடைதூரத்துக்கு ஒரு அளவு வைத்துக்கொள்ளுங்கள்: நாயைத் தோளில் சுமந்து எவ்வளவு தூரம் திரும்ப முடியுமோ, அதற்குமேல் போகக் கூடாது. கிளம்புமுன் வீட்டுத் தெருவில் ஒருமுறை தூக்கி நடந்து பாருங்கள். உங்கள் தூரம் எவ்வளவு என்று அப்போது தெரிந்துவிடும்.

நாயின் இயல்பான உடல்வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி. 41ஐத் தாண்டினால் உறுப்புகள் கெடத் தொடங்கும். நாக்கு அகன்று நீண்டு தொங்குவது, எச்சில் கெட்டியாவது, ஈறு கடுஞ்சிவப்பாவது, நடை தள்ளாடுவது, வாந்தி ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே நிறுத்துங்கள். நிழலுக்குத் தூக்கிச் சென்று, எடுத்துவைத்த 10 லிட்டரை உடல் முழுதும் ஊற்றி, விசிறுங்கள். ஈரத்துண்டால் போர்த்தி விட்டுவிடாதீர்கள். உள்ளே வெப்பம் அடைபடும். முதலில் குளிர்விப்பது, பிறகு வண்டியில் ஏற்றுவது. போகும் வழியெல்லாம் ஏசி ஓடட்டும். உடல் 39.4 டிகிரிக்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்தலாம். நாய் எழுந்து வாலாட்டினாலும் மருத்துவரிடம் காட்டியே தீரவேண்டும். உள்ளுறுப்புகளின் பாதிப்பு பல மணி நேரம் கழித்தும் வெளிப்படும்.

வண்டிக்குள் நாயைத் தனியாக விடாதீர்கள். வெளியே 21 டிகிரி இருக்கும் இதமான காலையில்கூட, மூடிய வண்டிக்குள் அரை மணி நேரத்தில் 40 டிகிரி ஆகிவிடும்.

முள்ளும் புல்லும் நச்சுச்செடியும்

இந்தப் பக்கத்துச் சோய்யாக் கள்ளிக்குத் 'தாவும் கள்ளி' என்று பெயர். உண்மையில் அது தாவுவதில்லை. அதன் தண்டுத் துண்டுகள் லேசாக உரசினாலே கழன்று ஒட்டிக்கொள்ளும். முள்ளின் நுனியில் பின்நோக்கிய கொக்கிகள் இருப்பதால், எளிதில் ஏறும், இழுத்தால் சதையைப் பற்றும். நாய் காலில் ஒட்டியதை வாயால் கவ்வும். பிறகு வாயிலும் நாக்கிலும் ஏறிவிடும். அதனால் முதலில் நாயின் தலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அகலப் பல் சீப்பைத் துண்டுக்கும் தோலுக்கும் இடையே நுழைத்து ஒரே வீச்சில் நெம்பி எறியுங்கள். மிஞ்சும் முட்களைக் குறடால் ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். சீப்பும் குறடும் வண்டியில் அல்ல, உங்கள் சட்டைப்பையில் இருக்கவேண்டும்.

மழை பெய்த ஆண்டில் பாலையின் இளவேனில் காட்டுப்பூக்களோடு நரிவால் புல்லும் வளரும். காய்ந்த கதிர் காதிலும் மூக்கிலும் விரலிடுக்கிலும் புகுந்து உள்நோக்கியே நகரும். ஒவ்வொரு மாலையும் விளக்கு வெளிச்சத்தில் நான்கு பாதங்களையும் காதுகளையும் பிரித்துப் பாருங்கள். நாய் தலையை ஓயாமல் உதறினாலோ ஒரு பக்கமாகச் சாய்த்தாலோ மருத்துவரிடம் போங்கள்.

நமக்குப் பழகிய இரண்டு செடிகளையும் இங்கே பார்ப்பீர்கள். நெடுஞ்சாலை ஓரத்திலும் தங்குமிட வேலியிலும் அரளி. மணல் ஓடைகளில் வெள்ளைப் பூவோடு ஊமத்தையின் உறவுச்செடி. இரண்டையும் நாய் கடிக்க விடாதீர்கள். அரளிக் குச்சியை எறிந்து விளையாட்டுக் காட்டுவதும் வேண்டாம்.

பாம்பு

மார்ச்சில் வெயில் ஏற ஏறக் கிலுகிலுப்பைப் பாம்புகள் குளிர்கால வளைகளிலிருந்து வெளிவருகின்றன. இப்போது பகலிலும் வெளியே இருக்கும், கோடை முற்றியபின் இரவில். மணற்பாங்கில் புதரடியில் அரைகுறையாய்ப் புதைந்து கிடக்கும் 'சைட்வைண்டர்', பாறைப் பக்கங்களில் வேறு இனங்கள், மொஹாவே சமவெளிகளில் மொஹாவே கிலுகிலுப்பைப் பாம்பு. கடைசியாகச் சொன்னதன் நஞ்சு பல இடங்களில் நரம்பைத் தாக்கும் வகை. கடித்த இடம் அதிகம் வீங்காமல் இருக்கலாம். 'வீக்கம் இல்லையே, பார்க்கலாம்' என்று காத்திருக்காதீர்கள்.

நாய் மோப்பம் பிடிக்கப் போய்க் கடிபடுவது பெரும்பாலும் முகத்தில் அல்லது முன்காலில். கடித்துவிட்டால்:

• கழுத்துப்பட்டையைக் கழற்றுங்கள். வீங்கும்போது அது கழுத்தை நெரிக்கும்.
• நடக்க விடாமல் தூக்கிச் செல்லுங்கள்.
• கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், கட்டுப் போடாதீர்கள், பனிக்கட்டி வைக்காதீர்கள். மனிதர்களின் வலிமாத்திரைகளைத் தராதீர்கள்.
• சமிக்ஞை கிடைத்ததும் மருத்துவமனையை அழைத்து, வருவதாகச் சொல்லுங்கள்.

நாய்களுக்குப் பாம்பு விஷத் தடுப்பூசி ஒன்று உண்டு. அதைப் போட்டிருந்தாலும் மருத்துவமனைக்குப் போயே ஆகவேண்டும்.

இரவு

பகலில் 25 டிகிரி கண்ட மேட்டுப்பாங்கான மொஹாவேயில், மார்ச் இரவு உறைநிலையை நெருங்கும். குட்டை மயிர் நாய்க்குக் கம்பளியும் தரையிலிருந்து உயர்த்தும் மெத்தையும் வேண்டும். இளவேனில் காற்று கூடாரத்தைப் பிடுங்கும் அளவுக்கு வீசும். கூடார முளையில் நாயைக் கட்டாதீர்கள், வண்டியில் கட்டுங்கள். கோயோட்டிகள் ஊளையிடும் நேரத்தில் நாய் வெளியே தனியாக இருக்கக் கூடாது. சிறுநீர் கழிக்கவும் கயிற்றோடு, விளக்கோடு அழைத்துச் செல்லுங்கள்.

காலையில் வண்டியைக் கிளப்புமுன் குனிந்து அடியில் பாருங்கள். நிழல் தேடி வந்த பாலை ஆமை சக்கரத்தின் அருகே படுத்திருக்கலாம். மொஹாவேயின் பாலை ஆமை 1990 முதல் கூட்டரசுச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கும் உயிர். நாய் துரத்தி அது பயந்தால் சேமித்த நீரைச் சிறுநீராகக் கழித்துவிடும்; அந்த இழப்பே அதைக் கொன்றுவிடலாம். நாயின் கழிவையும் பையில் கட்டி ஊருக்கே எடுத்துச் செல்லுங்கள்.

திரும்பும் நேரம்

திரும்பும் முடிவை அங்கே போய் எடுக்காதீர்கள், வீட்டிலேயே எழுதி வையுங்கள். தண்ணீர் பாதியாகக் குறைந்தால் திரும்புவோம். நிழலில் 32 டிகிரி தாண்டினால் திரும்புவோம். நாய் ஒரு வேளை உணவை மறுத்தால் திரும்புவோம். பூக்களும் பயணச் செலவும் அங்கே உங்களை இன்னொரு நாள் இருக்கச் சொல்லும். நாய் அதற்கு மறுப்புச் சொல்லாது. எழுதிய தாள்தான் அதன் சார்பில் பேசும்.

வண்டி மணலில் சிக்கினால் நடந்து போய் உதவி தேடாதீர்கள். வண்டியே நிழல், வண்டியே அடையாளம். செயற்கைக்கோள் வழிச் செய்தி அனுப்பும் கருவி ஒன்றை எடுத்துச் செல்லுங்கள்.

வீடு வந்தபின்

பாதங்களையும் காதுகளையும் இன்னொரு முறை பாருங்கள். பிறகு நாட்காட்டியில் நீங்கள் பாலையில் இருந்த தேதிகளைக் குறித்து வையுங்கள். இந்த மண்ணில் 'பள்ளத்தாக்குக் காய்ச்சல்' தரும் பூஞ்சை வாழ்கிறது. நாய் வளை தோண்டும்போது எழும் தூசியோடு அது நுரையீரலுக்குப் போகும். நோய் தெரியச் சில வாரங்கள் ஆகும். வறட்டு இருமல், காய்ச்சல், சோர்வு, எடை குறைவு, சில வேளை நொண்டல். அதற்குள் பயணம் மறந்துபோயிருக்கும். பாலை இல்லாத ஊர் மருத்துவருக்கு அந்த எண்ணமே வராமல் போகலாம். ஆகவே, மருத்துவமனையில் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்: "இந்தத் தேதியில் என் நாய் பாலையில் இருந்தது." நோயைச் சீக்கிரம் கண்டுபிடித்தால், மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்தாவது பெரும்பாலான நாய்களைத் தேற்றிவிடலாம்.