இரண்டாம் முறை கப்பலேறியவர்



நமது உத்திரமேரூர்ப் பக்கத்துப் பெரியவர்கள் ஏரிக் குடிமராமத்தை மறந்திருக்கமாட்டார்கள். கரை உடையாமலும் வாய்க்கால் தூர்ந்துபோகாமலும் காக்க, வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டி, கூடையோடு போவது வழக்கம். தலையாரி இரண்டு தரம் வந்து கூப்பிட்டபின் முணுமுணுத்துக்கொண்டு போகிறவன் ஒருவன். விடியுமுன்னே தானாய்க் கரையில் நிற்கிறவன் மற்றொருவன். இருவரும் சுமப்பது ஒரே மண்தான். ஆயினும் யார் எப்படி வந்தான் என்பது ஊருக்குத் தெரியும், சர்வேசுரனுக்குத் தெரியாதா?

தேவ ஊழியத்தில் மனப்பூர்வம் என்பது என்னவென்று அறிய அர்ச். அருளானந்தரின் சரித்திரத்தை எடுத்துக்கொள்வோம். அவர் தலை வெட்டுண்டதை நாம் எல்லோரும் அறிவோம். அதற்கு முன் நடந்த ஒன்றைச் சற்றுக் கவனியுங்கள்.

1647-ல் லிஸ்பன் நகரில் பிரபு குலத்தில் பிறந்து, அரண்மனையில் இளவரசர் பேதுருவின் தோழராய் வளர்ந்த அவர், சேசு சபையில் சேர்ந்து, 1673-ல் தம் 26-ம் வயதில் இந்தியாவுக்குக் கப்பலேறினார். மதுரை மிஷனில் பண்டாரசுவாமி வேடம் பூண்டு, மாமிசமும் மதுவும் நீக்கி, கிராமம் கிராமமாய் நடந்தார். 1686-ல் மறவ நாட்டில் பிடிபட்டு, உபதேசிமாரோடு விலங்கும் அடியும் அனுபவித்தார். இராமநாதபுரம் கிழவன் சேதுபதி, இனி இந்நாட்டில் போதிக்கலாகாது என்று கட்டளையிட்டு அவரை உயிரோடு விட்டார்.

அடுத்த வருஷம் மேலதிகாரிகள் மிஷன் காரியமாய் அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். பால்யத் தோழர் பேதுரு இப்போது போர்த்துக்கல் அரசர்! தம்மிடமே இருக்கும்படி விரும்பினார். இருந்திருந்தால் யார் குறை சொல்லியிருப்பார்கள்? பட்டது போதும் என்றே உலகம் சொல்லியிருக்கும். அவரோ 1690-ல், 43 வயதில், மறுபடியும் கப்பலேறினார். முதல் பயணத்தில் வாலிப உற்சாகம் இருந்திருக்கலாம். இரண்டாம் பயணத்திலோ, விலங்கின் பாரம் எவ்வளவென்று அந்தக் கைகளுக்கே தெரியும். தெரிந்தே கொடுத்தார். வேதசாட்சி முடியைவிட இதுவே பெரிதென்று எனக்குத் தோன்றுவதுண்டு.

பின் நடந்தது சுருக்கமாய்ச் சொன்னால் போதும். மறவ நாட்டுப் பிரபு தடியத்தேவர் ஞானஸ்நானம் பெற, ஒரு மனைவியோடு மட்டும் வாழ்ந்து மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் சேதுபதியின் உறவுப் பெண்ணும் இருந்தாள். அவள் முறையிட்டாள். (அந்தப் பெண்களின் துயரமும் துயரமே, நம் பிரசங்கங்களில் அதை எளிதாய்த் தாண்டிப்போகிறோம்.) சுவாமியார் 1693 ஜனவரியில் பிடிபட்டு, பிப்ரவரி 4-ந் தேதி ஓரியூரில் சிரச்சேதம் செய்யப்பட்டார். அன்று விபூதிப் புதன்.

மனப்பூர்வம் என்றால் நோவே இராது என்று எண்ணவேண்டாம். பூங்காவனத்தில் நம் ஆண்டவரே கலங்கினார். அழுதுகொண்டே கொடுப்பதும் மனதாரக் கொடுப்பதாயிருக்கலாம். முணுமுணுத்துக் கொடுப்பது வேறு.

இன்று திருச்சபை 18 வயது முதல் 59 வயது முடியும்வரை உள்ளவர்களுக்குக் கடனாக விதிக்கும் ஒருசந்தி நாட்கள் இரண்டே: விபூதிப் புதன், பெரிய வெள்ளி. தபசு காலத்தின் மற்ற நாட்களில் ஒருசந்தி இருப்பது அவரவர் மனதைச் சேர்ந்தது. அங்கேதான் தலையாரி இல்லாத குடிமராமத்து ஆரம்பிக்கிறது. சட்டம் குறைந்ததென்று சந்தோஷப்படுகிறவர் உண்டு. நானும் ஒரு காலத்தில் பட்டவனே.

முன்னெல்லாம் நம் தாய்மார் உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் எடுத்துவைப்பார்கள். யாரிடமும் சொல்வதில்லை. இந்த விபூதிப் புதனன்று ஒரு கலயத்தை அடுப்பங்கரையில் வையுங்கள். உங்கள் சாப்பாட்டிலிருந்து குறைத்த பிடியே அதில் விழட்டும், பிள்ளைகளுடையதிலிருந்து அல்ல. பெரிய வெள்ளிக்குள் அது எவ்வளவு நிறைகிறதென்று பார்த்து, உங்கள் தெருவில் அன்று உலை வைக்காத வீடு எதுவோ, அங்கே இருட்டினபின் கொண்டுபோய்க் கொடுங்கள்.