குளிர்ந்த தண்ணீர் எல்லாம் நல்ல தண்ணீரா?

"தண்ணி ஜில்லுனு இருக்குது, மலையிலேருந்து நேரா வருது, இதுக்கு என்ன குறை?" லயத்துப் பீலியடியில் நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. குளிர்ச்சி வேறு, சுத்தம் வேறு என்பதை முதலில் விளங்கிக்கொள்வோம்.

மலைநாட்டு ஊற்றுத் தண்ணீர் தானாகவே குளிர்ந்திருக்கும். ஆனால் ஊற்றுக்கு மேலே மாட்டுப்பட்டியோ கக்கூசுக் குழியோ இருந்தால், மழையோடு கிருமியும் ஊறி வந்து சேரும். பார்வைக்குக் கண்ணாடி மாதிரித்தான் தெரியும். செங்கமாரி, நெருப்புக்காய்ச்சல், வயிற்றோட்டம் எல்லாம் இந்த வழியாக வரக்கூடியவை. 2007இல் கம்பளையில் பலருக்குச் செங்கமாரி பரவியது நம்மில் பலருக்கு ஞாபகம் இருக்கும்.

பிரிட்ஜில் வைத்தால் கிருமி செத்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். சாகாது. 4 பாகைக் குளிரில் அது பெருகுவது குறையும், அவ்வளவுதான். ஐஸ் கட்டியாக உறைந்தாலும் பல கிருமிகள் உயிரோடுதான் கிடக்கும். பச்சைத் தண்ணீரில் செய்த ஐஸ் பக்கட்டைப் பிள்ளை சப்பினால், அது பச்சைத் தண்ணீர் குடித்த கணக்குத்தான்.

ஆகவே முதலில் கொதிக்க வைக்கவேண்டும், பிறகுதான் குளிர வைக்கவேண்டும். தளதளவென்று கொதி வந்தபின் 1 நிமிடம் விட்டால் போதும். நுவரெலியா போன்ற உயரத்தில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடுகிறது. அங்கே 3 நிமிடம் விடுவது நல்லது. மழைக்காலத்தில் விறகு காயாமல் அம்மாமார் படும் பாடு நமக்குத் தெரியாததல்ல. ராத்திரிச் சோறு இறக்கினதும் அதே நெருப்பில் கேத்தலை வைத்துவிட்டால், விடியும்போது கொதித்தாறிய தண்ணீர் தயார்.

அதை மூடியுள்ள மண்பானையில் ஊற்றி வையுங்கள். பானையில் கசியும் ஈரம் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் சூட்டையும் கொண்டுபோய்விடும். மூடுபனி நாளில் அவ்வளவு குளிராது. அன்றைக்குக் குளிர்ந்த தண்ணி யாருக்கு வேணும்? கையை விட்டு மொள்ளாமல், காம்பு நீண்ட அகப்பையால் மொள்ளுங்கள். இல்லாவிட்டால் கொதிக்க வைத்ததே வீண்.

இன்னொன்று. மலையில் ஒதுங்க இடமில்லை என்று, கொழுந்து எடுக்கும் அக்காமார் பலர் தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள். சலக்கடுப்பு வருவதற்கு இதுவும் ஒரு காரணம். போத்தலில் கொண்டுபோய் இடைக்கிடை குடியுங்கள். ஒதுங்குமிடம் கேட்பதற்கு வெட்கப்படவேண்டாம், அதைத் தோட்டத்துக் கூட்டத்தில் நாமும் சேர்ந்தே கேட்போம்.