முதல் தூண்டிலை எங்கே வாங்குவது?

அன்புள்ள மருமகனுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். ஒரு ராடு, ஒரு ரீல், ஒரு பெட்டி நிறையச் சாமான். பழைய விலையைக் கோடு போட்டு அடித்துவிட்டு, அதில் பாதிக்கும் குறைவாக ஒரு விலை. "மாமா, ஆர்டர் போடவா?" என்று கேட்டிருக்கிறாய். போடாதே. ஆன்லைன் வியாபாரத்தின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. எதை அங்கே வாங்கலாம், எதைக் கூடாது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் அந்தப் பெட்டியைப் பார். நூற்றுச் சொச்சம் உருப்படி என்று போட்டிருக்கிறார்கள். அதில் பெரும்பகுதி ரப்பர் புழு, பளபளக்கும் தகடு, பிளாஸ்டிக் குஞ்சுமீன். எல்லாம் இன்னொரு மீனைத் துரத்திப் பிடித்துத் தின்னும் மீனுக்காகச் செய்தவை. நீ தூண்டில் போடப்போவது ஊர்க் குளத்தில். அங்கே உனக்குக் கிடைக்கப்போவது ஜிலேபிக்கெண்டையும் கெளுத்தியும். ஜிலேபிக்கு மண்புழுவோ பிசைந்த மாவு உருண்டையோ போதும், கெளுத்திக்கும் புழுதான். உனக்குத் தேவைப்படுவது பத்து முள், நாலு ஈயம், ஒரு தக்கை, ஒரு சுருள் நரம்பு. மீதிக்குக் கொடுக்கும் காசு பெட்டியின் அழகுக்குத்தான்.

முள்ளுக்கு ஓர் எண் உண்டு, அதைத் தெரிந்துகொள். 10, 8, 6 என்று எண் குறையக் குறைய முள் பெரிதாகும். 1-க்கு அப்புறம் 1/0, 2/0, 3/0 என்று போகும். அங்கே கதை மாறிவிடும், எண் கூடக் கூட முள்ளும் பெரிதாகும். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் வித்தியாசமும் இருக்கும். ஜிலேபியின் வாய் சின்னது, 10 அல்லது 8 சரியாக இருக்கும். போன் திரையில் எல்லா முள்ளும் ஒரே அளவாகத்தான் தெரியும். கடையில் இரண்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் ஒரு நொடியில் விளங்கிவிடும். ஒருமுறை விளங்கிவிட்டால் அப்புறம் எண்ணைச் சொல்லி எங்கே வேண்டுமானாலும் வாங்கலாம். நார்வேயின் முஸ்டாட் கம்பெனி 1877-லிருந்து முள் செய்கிறது. அதன் முள்ளை ஆன்லைனில் வாங்கினாலும் கடையில் வாங்கினாலும், அசலாக இருந்தால், ஒன்றுதான்.

ராடு அப்படியல்ல, கையில் பிடித்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். கடைக்காரரிடம் கேட்டு ரீலை அதில் மாட்டிப் பிடித்துப் பார். முன்பக்கம் கனத்துத் தொங்கினால் அரைமணி நேரத்தில் மணிக்கட்டு வலிக்கும். நரம்பு போகும் வளையங்கள் எல்லாம் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று அடியிலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார். வளையத்தின் உள்பக்கம் பீங்கான் பதித்திருக்கும். அதில் முடி அளவு விரிசல் இருந்தாலும் நரம்பை அறுத்துவிடும். கண்ணுக்குத் தெரியாத அந்த விரிசலைக் கண்டுபிடிக்க, கொஞ்சம் பஞ்சை உள்ளே விட்டுச் சுற்றித் தேய்த்துப் பார். எங்காவது இழை மாட்டினால் அந்த ராடை வைத்துவிடு. நுனியைக் கையால் பிடித்து வளைக்காதே, அப்படித்தான் பல ராடுகள் கடையிலேயே ஒடிகின்றன. நரம்பைக் கோத்து, கடைக்காரரை மறுமுனையைப் பிடிக்கச் சொல்லி, மெல்லத் தூக்கிப் பார். நுனியில் மட்டும் வளைகிறதா, பாதிவரை வளைகிறதா என்று தெரியும். கூரியரில் வரும் ராடில் இதையெல்லாம் பணம் கட்டிய பிறகுதான் பார்க்க முடியும். போதாததற்கு, நீளமான மெல்லிய பார்சலை வழியில் எத்தனை பேர் எப்படித் தூக்கிப் போடுவார்கள் என்று உனக்கே தெரியும்.

ரீல் விஷயத்தில் நான் இரண்டு பக்கமும் பேசுவேன். தெரிந்த கம்பெனியின் தெரிந்த மாடல் என்றால் ஆன்லைனில் தாராளமாக வாங்கலாம். பெயர் தெரியாத ரீல் என்றால், கைப்பிடியைச் சுற்றிப் பார்க்காமல் வாங்காதே. சுற்றும்போது உள்ளே கரகரப்பு வரக் கூடாது, கைப்பிடி ஆடக் கூடாது. முன்னால் இருக்கும் டிராக் திருகை, அதாவது மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் திருகை, பாதி இறுக்கிவிட்டு நரம்பை இழு. விட்டு விட்டு, வெட்டி வெட்டி வந்தால் பெரிய மீன் இழுக்கும்போது நரம்பு அறும். வழுக்கிக்கொண்டு ஒரே சீராக வர வேண்டும். '12+1 பேரிங்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதே. எத்தனை பேரிங் என்பது அதன் தரத்தைச் சொல்லாது. நல்ல கம்பெனியின் மூன்று பேரிங் ரீல், பெயரில்லாத பதிமூன்றைவிட நாள்பட உழைக்கும். 5.2:1 என்று எழுதியிருப்பது, கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் முன்பக்கம் ஐந்து சுற்றுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சுற்றும் என்பதுதான். 2500, 4000 என்பவை ரீலின் அளவு. குளத்துக்கு 2500 போதும்.

நரம்பில்தான் அதிகம் ஏமாற்று நடக்கிறது. சாதாரண நைலான் நரம்பு 0.30 மில்லிமீட்டர் கனத்தில் ஐந்தாறு கிலோ தாங்கும். அதே கனத்துக்குப் பதினைந்து கிலோ என்று ஒருவன் போட்டிருந்தால், கனத்தில் பொய் சொல்கிறான், இல்லை பலத்தில் பொய் சொல்கிறான். இந்தப் பொய் ஆன்லைனில் அதிகம். கடைக்கும் ஒரு குறை உண்டு. நைலானை வெயில் தின்னும். கண்ணாடி அலமாரியில் தெருவைப் பார்த்து மாதக்கணக்கில் தொங்கிய சுருளைத் தூசி தட்டிக் கொடுத்தால் வாங்காதே. உள்ளே இருட்டில் இருப்பதை எடுக்கச் சொல். வாங்கிய நரம்பை ரீலில் அவர்களையே சுற்றித் தரச் சொல். இறுக்கமாக, முறுக்கு விழாமல், நரம்பு சுற்றும் உருளையான ஸ்பூலின் விளிம்புக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கீழே நிற்கும்படி சுற்ற வேண்டும். அதற்கு மேல் போனால் வீசும்போது கொத்தாகக் கழன்று சிக்கும், ரொம்பக் குறைந்தால் தூரம் போகாது. இந்தச் சின்ன வேலையை எந்தக் கூரியரும் செய்து தராது.

நம் பக்கத்துக் கடைகளில் இரண்டு வகை உண்டு. கடலோர ஊர்களில் வலை, கயிறு, மிதப்பு விற்கும் கடைகள் தொழில் செய்கிறவர்களுக்கானவை. முள், ஈயம், தங்கூஸ் நரம்பு எல்லாம் அங்கே மலிவாக, நம்பகமாகக் கிடைக்கும். காரணம் எளிது. மோசமான முள்ளை விற்றால் மறுநாள் காலையில் வாங்கியவர் வந்து நிற்பார். ஆனால் ராடும் ரீலும் அங்கே பெரும்பாலும் இருக்காது. தூத்துக்குடிக்கு வரும்போது என்னோடு வா, கூட்டிப் போகிறேன். பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடுகிறவர்களுக்கான கடை பெரிய ஊர்களில்தான் இருக்கிறது. அந்தக் கடைக்காரர் பெரும்பாலும் தானும் தூண்டில் போடுகிறவராக இருப்பார். எந்தக் குளத்தில் இப்போது எந்த மீன் எடுக்கிறது, எந்தக் குளம் குத்தகைக்குப் போயிருக்கிறது, யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்றெல்லாம் அவருக்குத் தெரியும். குத்தகைக் குளத்தில் கேட்காமல் தூண்டில் போட்டால் அது திருட்டுத்தான், பொழுதுபோக்கு என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

அவரிடம் ஒரு மணி நேரம் விவரம் கேட்டு, ராடை எல்லாம் ஆட்டிப் பார்த்துவிட்டு, வெளியே வந்து அதே ராடைப் போனில் நூறு ரூபாய் குறைவாக வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது. விலை கூடுதலாகத் தெரிந்தால் அவரிடமே கேள். "ஆன்லைனில் இவ்வளவு போட்டிருக்கிறான், நீங்கள் என்ன தர முடியும்?" என்று கேட்பதில் வெட்கமில்லை. பலர் குறைப்பார்கள். குறைக்க முடியாதவர் நரம்பையோ முள்ளையோ சேர்த்துத் தருவார்.

ஆன்லைன் எப்போது வேண்டும்? உனக்கு விரால் மீன் ஆசை வரும்போது. அதற்குப் பாசிக்கு மேல் வழுக்கிக்கொண்டு வரும் ரப்பர் தவளை வேண்டும். முள் இரண்டும் உடம்போடு ஒட்டி மேல்நோக்கி இருப்பதால் பாசியில் மாட்டாது, மீன் கடித்தால் உடம்பு அமுங்கி முள் வெளியே வரும். பிரெய்டு என்னும் பின்னல் நரம்பும் வேண்டும். நைலான் மாதிரி இழுபடாது, பாசியைக் கிழித்துக்கொண்டு வரும். இவை சின்ன ஊர்க் கடைகளில் கிடைப்பது அரிது. பிரெய்டை நேராக ஸ்பூலில் சுற்றினால் மொத்தமாக வழுக்கிச் சுற்றும், அடியில் சில சுற்று நைலான் போட்டுக்கொள். நிறம் வெளுத்தால் போலி என்று பயப்படாதே, பிரெய்டின் குணம் அது.

ஆன்லைனில் வாங்கும்போது பொருள் எந்த நாட்டில் செய்தது என்று பக்கத்தில் போட்டிருக்கிறதா பார். 2020-இல் வந்த மின்வணிக விதிகளின்படி அதைக் காட்டியாக வேண்டும். புகார் கொடுத்தால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று பதில் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் வேண்டும். வெளிநாட்டுப் பொருள் என்றால், பெட்டியின் மேல் இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும் இல்லையென்றால் திருப்பி அனுப்பு. பார்சலைப் பிரிக்கும்போதே போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள். விற்றவர் மசியாவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குக் கூப்பிடு. கடையில் வாங்கினால் பில் கேட்டு வாங்கு, தெரிந்தவர் என்று விட்டுவிடாதே.

இன்னொன்று, சின்ன ஈயக்குண்டைப் பல்லால் கடித்து நரம்பில் இறுக்கும் பழக்கம் இங்கே பலருக்கும் உண்டு. நீ செய்யாதே, ஈயம் விஷம். தண்ணீரில் விழுந்த ஈயத்தை அன்னங்கள் விழுங்கிச் சாகின்றன என்றுதான் பிரிட்டனில் சின்ன ஈயக்குண்டு விற்பதை 1987-இல் தடை செய்தார்கள். கடையில் ஒரு சின்ன இடுக்கி வாங்கிக்கொள்.

கார்ட்டில் போட்டிருக்கும் அந்தப் பெட்டியை இன்றைக்கே எடுத்துவிடு. திருநெல்வேலிக்குப் போய் ஏழடி ராடு ஒன்றைக் கையில் பிடித்துப் பார்த்து வாங்கு, நரம்பை அங்கேயே சுற்றிக்கொள். வளையத்தில் பஞ்சு மாட்டியதா இல்லையா என்று மறக்காமல் எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா