பழைய பிக்கப் வண்டியின் முன்பக்கம்: சோதனையும் சீரமைப்பும் செலவுக் கணக்கும்

சரக்கு ஏற்றிப் பிழைக்கும் குடும்பத்துக்குப் பிக்கப் வண்டியே தொழிற்கூடம். பத்துப் பதினைந்து ஆண்டுகள் உழைத்த வண்டியில் என்ஜின் இன்னும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் முன்பக்கம் தளர்ந்திருக்கும். ஸ்டீரிங்கைத் திருப்பினால் சக்கரம் சற்றுத் தாமதித்தே திரும்பும். பள்ளத்தில் இறங்கும்போது ‘டக்’ என்ற ஓசை எழும். முன் டயர்கள் ஒரு பக்கமாகத் தேயும். இத்தகைய வண்டியை விற்றுவிடுவதா, கடன் பெற்றுப் புதியது வாங்குவதா, முன்பக்கத்தைச் சீரமைத்து இன்னும் சில ஆண்டுகள் ஓட்டுவதா என்னும் கேள்வி சிறு தொழில் புரிவோர் பலர் முன் நிற்கிறது. சீரமைப்பதாயின் அதனை எவ்வாறு செய்வது, அதற்கான பணத்தை எவ்வாறு திட்டமிடுவது என்பதை அந்தமானின் மின்னி பே பகுதியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரையில் காண்போம்.

தீவின் தனி நிலைமை

முன்னர் போர்ட் பிளேர் என வழங்கி, 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட நகரைச் சேர்ந்ததே மின்னி பே. கடற்காற்றின் உப்பும் ஆண்டின் பெரும்பகுதி பெய்யும் மழையும் இங்குள்ள வண்டிகளின் அடிப்பாகத்தை ஓயாமல் அரிக்கின்றன. ஐஸ் இட்ட மீன் ஏற்றும் வண்டிகளில் உப்பு நீரும் சேர்ந்து வடிகிறது. மேடும் இறக்கமுமான சாலைகளில் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் வண்டியின் பாரம் முன் சக்கரங்களின் மீது சாய்கிறது. ஆகவே, சமவெளியில் மெல்லத் தேயும் முன்பக்கம் இங்கு விரைவாகவே தேய்கிறது.

இரண்டாவது, தொலைவு. உதிரி பாகங்களில் பெரும்பாலானவை சென்னை, கொல்கத்தா, விசாகப்பட்டினம் ஆகிய துறைமுகங்களிலிருந்து கப்பலில் வர வேண்டியவை. சென்னையிலிருந்து புறப்படும் கப்பலுக்குப் பயணமே ஏறத்தாழ மூன்று நாள். ஒரு சிறு புஷ் விடுபட்டுப் போனாலும் வண்டி ஜாக்கியின் மேல் நாட்கணக்கில் நிற்க நேரும்.

மூன்றாவது, வழி. வடக்கே செல்லும் அந்தமான் நெடுஞ்சாலையில், ஜிர்காடாங்கைக் கடந்து ஜாரவா பழங்குடியினரின் காப்புப் பகுதி வழியே செல்லும் வண்டிகள் குறித்த நேரத்தில் அணியாகவே செல்ல வேண்டும்; இடையில் நிற்றல் கூடாது. அத்தகைய வழியில் டை ராட் எண்டு கழன்றால் வண்டி ஒன்று மட்டும் அன்று, பின்னால் வரும் அணியே தடைப்படும். உயிருக்கு நேரும் ஆபத்தைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

எவை தேய்கின்றன?

பழைய பிக்கப் வண்டிகளின் முன்பக்க அமைப்பு இரு வகைப்படும். ஒன்று, பட்டை ஸ்பிரிங்கின் மீது அமர்ந்த ஒரே இரும்பு அச்சு. இதில் சக்கரம் கிங் பின்னைச் சுற்றித் திரும்புகிறது. கிங் பின், அதன் புஷ், பட்டைகளைத் தாங்கும் ஷேக்கில் புஷ் ஆகியவை தேயும். மற்றொன்று, ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேல் ஆர்ம், கீழ் ஆர்ம் எனத் தனித்தனியே கொண்ட அமைப்பு. இதில் காயில் ஸ்பிரிங்கோ டார்ஷன் பாரோ பாரத்தைத் தாங்கும். பால் ஜாயின்ட்டுகளும் ஆர்ம்களின் ரப்பர் புஷ்களும் தேயும்.

ஸ்டீரிங் பகுதி இரண்டுக்கும் ஏறக்குறைய பொதுவானது. ஸ்டீரிங் பெட்டியிலிருந்து பிட்மேன் ஆர்ம் அசைவை எடுத்துச் செல்ல, இணைப்புத் தண்டுகளும் டை ராட் எண்டுகளும் அதனைச் சக்கரங்களுக்குக் கொண்டு சேர்க்கின்றன. தனித்தனி ஆர்ம் கொண்ட வண்டிகள் பலவற்றில் ஐட்லர் ஆர்ம் என்னும் துணைக்கையும் உண்டு. இவற்றுள் ஒவ்வொன்றிலும் ஒரு சிறு ஆட்டம் சேர்ந்து சேர்ந்தே ஓட்டுநரின் கையில் பெரிய ஆட்டமாகத் தெரிகிறது.

சோதிக்கும் முறை

பாகம் வாங்குவதற்கு முன் அளந்து அறிதல் வேண்டும். சமதளத்தில் வண்டியை நிறுத்திப் பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் செல்லலாகாது; உறுதியான ஸ்டாண்டுகளின் மீது வண்டி அமர வேண்டும்.

முதலில் சக்கரம் தரையில் இருக்கும் நிலையிலேயே ஒருவர் ஸ்டீரிங்கை இடமும் வலமும் சிறிதளவு அசைக்க, மற்றொருவர் பக்கவாட்டில் நின்று ஒவ்வொரு இணைப்பையும் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒரு தண்டு நகர்ந்து அடுத்தது நகராமல் நிற்குமிடமே தேய்ந்த இடம்.

அடுத்து, சக்கரத்தைத் தூக்கி, கடிகாரத்தின் 12, 6 எண்கள் இருக்கும் இடங்களில் பிடித்து உள்ளும் வெளியும் அசைக்க வேண்டும். ஆட்டம் தெரிந்தால் உதவியாளரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்க. ஆட்டம் மறைந்தால் சக்கர பேரிங் தளர்ந்துள்ளது. மறையாவிடில் பால் ஜாயின்ட் அல்லது கிங் பின் தேய்ந்துள்ளது. 9, 3 எண்களின் இடத்தில் மட்டும் ஆட்டமிருந்தால் டை ராட் எண்டு போன்ற ஸ்டீரிங் இணைப்புகளை ஐயுற வேண்டும்.

இதில் பலர் கவனியாத நுட்பம் ஒன்று உண்டு. ஸ்பிரிங் கீழ் ஆர்மின் மீது அமர்ந்திருந்தால், ஜாக்கியை அந்தக் கீழ் ஆர்மின் அடியில், பால் ஜாயின்ட்டுக்கு அருகில் வைத்தே தூக்க வேண்டும். சட்டத்தின் அடியில் வைத்துத் தூக்கினால் ஸ்பிரிங்கின் அழுத்தம் மூட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். தேய்ந்த மூட்டும் நல்லதுபோல் தோன்றும்.

டயரும் சாட்சி சொல்லும். உள் ஓரமோ வெளி ஓரமோ மட்டும் தேய்ந்தால் சக்கரத்தின் சாய்வு பிசகியிருக்கலாம். கையால் தடவும்போது ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த் திசையில் அரம்போலவும் இருந்தால் இரு சக்கரங்களின் முன்நோக்கிய கோணம் தவறியுள்ளது. குழி குழியாகத் தேய்ந்தால் ஷாக் அப்சார்பரைப் பார்க்க வேண்டும்.

சட்டம் கூறுவது

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளுள் 98ஆம் விதி ஸ்டீரிங்கைப் பற்றியது. ஸ்டீரிங் சக்கரத்தில் வெற்று ஆட்டம் 30 பாகையைத் தாண்டக்கூடாது. இணைப்புகளிலுள்ள பால் ஜாயின்ட்டுகளுக்கு ரப்பர் மூடி இருக்க வேண்டும். போல்ட்டும் பின்னும் கழலாதவாறு பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்பது அதன் சாரம். 8 ஆண்டுகளைக் கடந்த சரக்கு வாகனத்துக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று புதுப்பிக்கப்படுவதால், அந்நாளுக்கு ஓரிரு மாதங்கள் முன்னரே மேற்கண்ட சோதனையை முடித்துக்கொள்வது நலம்.

பட்டியலும் வரவழைத்தலும்

சோதனை முடிந்ததும் தேய்ந்தவை அனைத்தையும் ஒரே பட்டியலாக எழுத வேண்டும். வண்டியின் மாடல், தயாரிப்பு ஆண்டு, சேசிஸ் எண் ஆகியவற்றைக் குறித்தே பாகம் கேட்க வேண்டும். ஒரே பெயருள்ள வண்டியிலும் ஆண்டுக்கு ஆண்டு பாகம் மாறுவதுண்டு. பால் ஜாயின்ட், டை ராட் எண்டு, புஷ் ஆகியவற்றை இடம், வலம் இரண்டுக்கும் சேர்த்தே வாங்குதல் முறை. ஸ்பிலிட் பின், கிரீஸ் சீல், ரப்பர் மூடி, புதிய நட்டு ஆகிய சிறு பொருள்களை மறக்கலாகாது. தீவில் வேலையை நிறுத்திவைப்பவை பெரும்பாலும் இச்சிறு பொருள்களே. பெட்டி வந்து சேர்ந்து, ஒவ்வொரு பாகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே வண்டியைப் பிரிக்க வேண்டும்.

பொருத்தும் வரிசை

துருவேறிய நட்டுகளுக்கு முந்தின நாளே துரு நீக்கும் எண்ணெய் விடுக. டார்ஷன் பார் உள்ள வண்டியாயின், தளர்த்துமுன் அதன் இருப்பிடத்தையும் சரிசெய்யும் போல்ட்டின் உயரத்தையும் பெயின்டால் குறித்துக்கொள்ள வேண்டும். இடப்பக்கத்ததை வலப்பக்கம் மாற்றலாகாது. காயில் ஸ்பிரிங்கில் அடங்கிய விசை ஆளைக் கொல்லவல்லது. உரிய அமுக்குக் கருவியின்றி அதனைக் கழற்ற முயல்வது கூடவே கூடாது. இப்பணியைப் பழகிய பட்டறையிடமே விடுவது தக்கது.

முதலில் ஆர்ம் புஷ்கள், பின்னர் பால் ஜாயின்ட்டுகள், அதன்பின் சக்கர பேரிங், இறுதியாக ஸ்டீரிங் இணைப்புகள் என்னும் வரிசை வசதியானது. கூம்பு வடிவத் துளைகளைத் துடைத்து உலர்ந்த நிலையிலேயே பொருத்த வேண்டும். அங்கே கிரீஸ் தடவலாகாது. ஸ்பிலிட் பின்னுக்கான துளை நேராக அமையாவிட்டால் நட்டைச் சற்று இறுக்கியே நேராக்க வேண்டும், தளர்த்தி நேராக்கலாகாது. பழைய டை ராட் எண்டைக் கழற்றும்போது எத்தனை சுற்று என எண்ணிக்கொண்டால், புதியதை ஏறத்தாழ அதே இடத்தில் நிறுத்தலாம்.

ரப்பர் புஷ்களின் போல்ட்டை, சக்கரம் தொங்கும் நிலையில் முழுமையாக இறுக்கிவிடுவது பரவலான பிழை. அவ்வாறு இறுக்கினால் வண்டி தரையில் அமர்ந்ததும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நின்று விரைவில் கிழியும். பாரம் சக்கரத்தின் மீது வந்த பின்னரே இறுதி இறுக்கம் தர வேண்டும். அதுபோலவே, இணைப்புகளின் ஆட்டத்தை மறைக்க ஸ்டீரிங் பெட்டியின் திருகை மிகுதியாக இறுக்குவதும் தீங்கு. பெட்டியின் பற்கள் தேய்வதோடு, திரும்பிய ஸ்டீரிங் தானே நேர்நிலைக்கு வராது.

எல்லாம் முடிந்தபின் டயர் காற்றையும் வண்டியின் உயரத்தையும் சரிபார்த்து, வீல் அலைன்மென்ட் செய்ய வேண்டும். தேய்ந்த மூட்டுகளை வைத்துக்கொண்டு செய்யும் அலைன்மென்ட் வீண் செலவாகும். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் எல்லா நட்டுகளையும் மீண்டும் ஒருமுறை பார்த்தல் வேண்டும்.

செலவுக் கணக்கு

கணக்கு விளங்குவதற்காகச் சில தொகைகளைக் கொள்வோம். பாகங்கள் 18,000 ரூபாய், கூலி 6,000 ரூபாய், அலைன்மென்ட் 1,000 ரூபாய் எனில், ஒரே முறையில் முடிக்க ஆகும் செலவு 25,000 ரூபாய். இதையே மூன்று தவணையாகப் பிரித்தால் பாகங்களின் விலை அதே 18,000 ரூபாய். கூலி ஒவ்வொரு முறையும் 3,500 வீதம் 10,500 ரூபாய். அலைன்மென்ட் 3,000 ரூபாய். ஆக 31,500 ரூபாய். கூடுதலாகும் 6,500 ரூபாயுடன், மும்முறை கப்பலுக்குக் காத்திருக்கும் நாட்களின் வருமான இழப்பும், இடைக்காலத்தில் வீணாகும் டயரும் சேரும். கையில் பணம் குறைவு என்பதற்காகப் பகுதி பகுதியாகச் செய்யும் வேலையே முடிவில் மிகுந்த பணத்தைக் கேட்கிறது.

இச்செலவு எதிர்பாராதது அன்று. வண்டி ஓடும்வரை வந்தே தீரும். மோட்டார் காப்பீடு இயல்பான தேய்மானத்துக்கு ஈடு தராது. ஆகவே மாதம் 1,500 ரூபாய் தொடர் வைப்பில் இட்டுவந்தால் ஓராண்டில் வட்டி நீங்கலாக 18,000 ரூபாய் சேரும்; மேற்கண்ட கணக்கில் அதுவே பாகங்களின் விலை. தொழிலுக்குக் கூடுதல் முதல் தேவைப்படுவோர், 2015 ஏப்ரல் 8 அன்று தொடங்கப்பட்ட பிரதமரின் முத்ரா திட்டத்தில் 50,000 ரூபாய் வரையுள்ள சிசு பிரிவைப் பற்றித் தம் கிளையில் கேட்டறியலாம்.

சீரமைப்பா, புதிய வண்டியா என்பதற்கும் இங்கே விடை கிடைக்கிறது. சட்டமும் ஆர்ம்கள் பொருந்தும் தாங்கிகளும் துருவால் அரிக்கப்பட்டிருந்தால் புதிய மூட்டுகளை நிறுத்த உறுதியான இடமில்லை. அவ்வண்டியின் மீது செலவிடுவது தகாது. சட்டம் உறுதியாக இருந்து மூட்டுகள் மட்டும் தேய்ந்திருந்தால், முறையாகச் சீரமைத்த முன்பக்கம் புதிய கடனின் மாதத் தவணையைச் சில ஆண்டுகள் தள்ளிவைக்கும். ஆதலால் கடன் விண்ணப்பத்தை எழுதுமுன் வண்டியின் அடியில் ஒரு சுத்தியலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். கணீரென்ற ஓசை வந்தால் பாகங்களின் பட்டியலை எழுதத் தொடங்கலாம். மந்தமான ஓசையுடன் துரு உதிர்ந்தால் புதிய வண்டியைப் பற்றிப் பேசக் கிளைக்கு வரலாம்.