மருத்துவப் பாடம்: ஆபத்து ஒன்றல்ல, இரண்டு



உங்கள் ஜெபத்தினாலும் காணிக்கையினாலும் நடைபெறும் இந்த ஊழியத்தில், இதய நோயாளிகள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "பக்கத்துக் கட்டில்காரருக்கும் எனக்கும் இரத்தம் உறையாமலிருக்கத்தானே மருந்து? அவருக்கு ஒரு மாத்திரை, எனக்கு வேறு மாத்திரை ஏன்?" இதற்கு விடை காண்பதே இம்முறை பாடம்.

காயம் பட்டவுடன் இரத்தம் உறைவது தேவன் நமக்குத் தந்த பாதுகாப்பு. உறையக்கூடாத இடத்தில் உறைந்தால் அதுவே ஆபத்து.

முதல் இடம், தமனி. புகைபிடித்தல், சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு ஆகியவற்றால் தமனியின் உட்சுவரில் கொழுப்பு படிகிறது. அப்படிவு வெடித்தால் தட்டணுக்கள் அங்கே விரைந்து ஒட்டிக்கொண்டு குழாயை அடைக்கின்றன. மாரடைப்பு பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. தட்டணுக்கள் ஒட்டாமல் தடுப்பது ஆஸ்பிரின்.

இரண்டாம் இடம், இதயத்தின் மேலறை. 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்னும் நோயில் மேலறை சுருங்கி விரியாமல் நடுங்குகிறது. நாடி ஒழுங்கற்றுத் துடிக்கிறது. இடது மேலறையின் ஓரத்திலுள்ள சிறு பையில் இரத்தம் தேங்கி உறைகிறது. அக்கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்நோயுள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து ஏறக்குறைய 5 மடங்கு. இங்கே ஆஸ்பிரின் போதாது. வார்ஃபரின், அபிக்ஸபான் போன்ற உறைவெதிர்ப்பு மருந்துகள் தேவை.

இரண்டு நோயும் ஒருவருக்கே இருந்தால்? இரு மருந்தும் சேரும்போது இரத்தக்கசிவு அதிகரிக்கும். ஜப்பானில் இத்தகைய நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2019-ல் வெளியானது. இதயக் குழாய் நோய் கட்டுப்பாட்டில் இருந்தவர்களுக்கு, ஸ்டென்ட் வைத்து ஓராண்டு கடந்தபின், ரிவரோக்ஸபான் மட்டுமே போதுமென்றும், ஆஸ்பிரின் போன்ற மருந்தையும் சேர்த்தவர்களைவிட இரத்தக்கசிவும் மரணமும் குறைவென்றும் அது காட்டியது. எதை நிறுத்துவது என்பதை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும்.

சிறுவயதில் வந்த வாதக்காய்ச்சலால் இதய வால்வு சுருங்கிய ஏழைகளுக்கு நிலைமை வேறு. ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க நாடுகளில் சுமார் 4,500 பேரிடம் நடந்து 2022-ல் வெளியான ஆய்வில், புதிய மருந்தான ரிவரோக்ஸபானைவிட, வார்ஃபரின் வகைப் பழைய மருந்தே அதிக உயிர்களைக் காத்தது. மாத்திரை விலை குறைவுதான். ஆனால் ஐ.என்.ஆர். என்னும் இரத்தப் பரிசோதனையைத் தவறாமல் செய்து, பெரும்பாலானோருக்கு அளவை 2-க்கும் 3-க்கும் இடையில் வைக்க வேண்டும். குறைந்தால் கட்டி, கூடினால் கசிவு. பஸ் கட்டணமும் ஒருநாள் கூலியும் இழந்து வருவது கூலிவேலை செய்பவருக்கு எளிதல்ல. "இப்போது சுகமாயிருக்கிறேனே" என்று மாத்திரையை நிறுத்துகிறவர்களும் உண்டு. சிலரைப் பக்கவாதத்தோடுதான் மறுபடி காண்கிறோம். பரிசோதனைக்கும் பயணத்துக்கும் நீங்கள் கொடுக்கும் காணிக்கை இந்த இடைவெளியைத்தான் அடைக்கிறது.

வாசகர்கள் நினைவில் கொள்ள:

1. நாடி ஒழுங்கற்றுத் துடித்தால் ஈ.சி.ஜி. எடுத்துப் பாருங்கள்.
2. வார்ஃபரின் சாப்பிடுவோர் கீரையை விட்டுவிட வேண்டாம். வாரந்தோறும் ஒரே அளவாகச் சாப்பிடுங்கள்.
3. கடையில் வலி மாத்திரை வாங்கிச் சாப்பிடாதீர்கள்.
4. வார்ஃபரின் சாப்பிடும் பெண்கள் கருத்தரிக்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள்.
5. வாய் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறுதல் கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசி பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போடப்பட வேண்டும்.

மாத்திரையை நிறுத்திவிட்டு வீட்டிலிருப்பவர்கள் திரும்பி வரும்படி எங்களோடு ஜெபியுங்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.