பிள்ளைகளோடு தெல்தோட்டைக்குக் குடிவருகிறவர்களுக்கு

வருடக் கடைசியில் என் வீட்டு விறாந்தையில் ஆள் குறையாது. கொழும்பில் கடை வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்புகிறவர், லயத்தை விட்டு டவுனுக்கு இறங்குகிறவர், மாற்றலாகி வருகிறவர் என்று யாராவது வந்து உட்கார்ந்திருப்பார்கள். கேள்வி மட்டும் ஒன்றுதான்: "சேர், இங்க எந்த ஸ்கூல் நல்லது?" முப்பது வருடம் கணக்குப் படிப்பித்தும் இதற்கு என்னிடம் விடை கிடையாது. "பிள்ளை எத்தனையாம் தரம்?" என்று நான் திருப்பிக் கேட்பேன். மிச்சமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

1. தரம் ஏழு, எட்டு, ஒன்பது என்றால் பயப்படாமல் வாங்க. பத்து, பதினொன்று என்றால் கொஞ்சம் நில்லுங்க. சாதாரண தரத்துக்கு ஒன்பது பாடம். சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆறும் எங்கே போனாலும் இருக்கும். வில்லங்கம் மற்ற மூன்றில். அவற்றைப் பிள்ளை தரம் பத்தில் தொகுதிப் பாடங்களில் இருந்து தெரிவு செய்திருக்கும். பழைய இடத்தில் அது நடனம் எடுத்திருக்கும். புதிய இடத்தில் சித்திரத்துக்கு மட்டும்தான் ஆசிரியர் இருப்பார். என் மகளுக்கே இது நடந்தது. ஒரு வருடம் ஆடிப் பழகியதை விட்டுவிட்டு, பரீட்சைக்குப் பத்து மாதம் இருக்கும்போது தூரிகை பிடித்தாள். நான் முன்கூட்டியே போய்க் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. நாற்பது வயதாகியும் அவள் அதைச் சொல்லிக் காட்டுகிறாள். தவிர்க்க முடியாத மாற்றம் என்றால், பரீட்சை முடியும்வரை பிள்ளையை அம்மாயி வீட்டிலோ மாமா வீட்டிலோ விட்டுவிட்டு நீங்கள் மட்டும் வாங்க.

2. பெயர்ப்பலகையில் 'மத்திய', 'தேசிய' என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். பாடசாலையின் வகையைக் கேளுங்க. 1 ஏபி என்றால் உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவும் உண்டு. 1 சி என்றால் கலையும் வர்த்தகமும். வகை 2 சாதாரண தரத்தோடு நின்றுவிடும். இங்கே தமிழ் மொழியில் படிக்க மலைமகள் இந்து மத்திய கல்லூரி இருக்கிறது, எனசல்கொல்லை மத்திய கல்லூரி இருக்கிறது. கலஹாவிலும் பாடசாலை உண்டு. கிராமத்துப் பிள்ளையும் டவுனுக்குப் போகாமல் விஞ்ஞானம் படிக்கட்டும் என்றுதான் அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கரா 1940களில் மத்திய கல்லூரிகளைத் தொடங்கினார். தோட்டப் பாடசாலைகளோ எழுபதுகள் வரை துரைமாரின் கையில்தான் கிடந்தன. அந்தப் பின்தங்கல் மலையகத்தில் இன்னும் தீரவில்லை. தமிழில் பௌதிகவியலும் இணைந்த கணிதமும் படிப்பிக்க ஆசிரியர் கிடைப்பது அன்றும் குதிரைக் கொம்பு, இன்றும் அப்படித்தான்.

ஆகவே வகையைக் கேட்டதோடு எழும்பி வந்துவிடாதீங்க. இந்த வருடம் இரசாயனவியலுக்கு யார், நிரந்தர நியமனமா, தரம் 12 விஞ்ஞானத்தில் எத்தனை பேர் என்று கேளுங்க. அதிபரிடம் கேட்பதைவிட, இரண்டு மணிக்கு பஸ் தரிப்பில் நிற்கும் தரம் 13 பிள்ளைகளிடம் கேட்பது உத்தமம். ஒளிக்காமல் சொல்லுவார்கள்.

3. "கண்டிக்கே அனுப்பிடலாமே?" அனுப்பலாம். பதியுதீன் மஹ்மூத் மகளிர் கல்லூரி போன்ற பேர் எடுத்த இடங்கள் அங்கே உண்டு. ஆனால் பிள்ளையோடு ஒரு கிழமை நீங்களும் அந்த பஸ்ஸில் போய் வந்து பாருங்க. இருட்டோடு எழும்பி, கலஹா வளைவுகளில் தூங்கி விழுந்து, பேராதனையில் சனத்துக்குள் நசுங்கி, பின்னேரம் வீடு வந்து சேரும்போது புத்தகத்தைத் தொடத் தெம்பிருக்காது. மழைக்காலத்தில் மண் சரிந்தால் அந்த வழியும் இல்லை. கலஹா வீதி பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நடுவாலேதான் போகிறது. தினமும் அதைப் பார்த்துக்கொண்டு போகிற பிள்ளை உள்ளே போகவும் வேண்டுமே! விடுதி கிடைத்தால் யோசிக்கலாம். இல்லாவிட்டால் பக்கத்துப் பாடசாலையில் படித்துவிட்டுக் குறைகிற பாடத்துக்கு டியூஷன் போவதே மேல்.

4. மாவட்டத்தை மறந்துவிட்டு வீடு பார்க்கிறவர்கள் ரொம்பப் பேர். லூல்கந்துர தோட்டம், 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்ட அந்த இடம், கண்டி மாவட்டம். ஹேவாஹெட்ட டவுன் நுவரெலியா மாவட்டம். பார்க்க ஒரே மலைதான். ஆனால் பல்கலைக்கழகத்தில் மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளுக்கான இடங்களில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை, 55 சதவீதம் மாவட்டக் கோட்டா, 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகம். நுவரெலியா அந்தப் பட்டியலில் உண்டு, கண்டி இல்லை. வெட்டுப்புள்ளியும் கண்டியில் பெரும்பாலும் கூட. பரீட்சைக்கு முந்திய வருடங்களில் பிள்ளை எந்த மாவட்டத்தில் படித்தது என்பது கணக்கில் வரும். அதனால் உயர்தரப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எல்லை தாண்டுமுன் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை வாங்கி வாசியுங்க. அதற்காகக் கோட்டாவுக்கென்றே வெளியூரிலிருந்து வந்து பெயர் பதிகிற வேலையை என்னிடம் கேட்க வேண்டாம். அது கொழுந்து பறிக்கிறவள் மகளின் இடம்.

5. விடுகைப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ், கடைசித் தவணை அறிக்கை, கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்று. எல்லாவற்றிலும் மூன்று பிரதி. விடுகைப் பத்திரத்தை எடுக்குமுன் புதிய இடத்தில் வெற்றிடம் உண்டென்று எழுத்தில் வாங்குங்க. இரண்டுக்கும் நடுவில் தொங்கிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

6. பாடப் புத்தகம் 1980 முதல் இலவசம், சீருடைத் துணி 1993 முதல். ஆனாலும் 'நன்கொடை' என்று ஒரு சொல் உண்டு. என் மகனைச் சேர்க்கப் போன ஓரிடத்தில் கதிரை, மேசை என்று ஒரு பட்டியலையே நீட்டினார்கள். ரசீது கேட்டேன். பட்டியல் மேசைக்குள் போய்விட்டது.

7. பிள்ளையிடம் கேளுங்க. பதினைந்து வயதில் கூட்டாளிகளை விட்டுவிட்டு வருவது லேசில்லை. என் மகன் மூன்று மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. வாத்தியார் மகனென்று வகுப்பிலும் ஒதுக்கிவைத்தார்கள். ஒரு நாள் வொலிபோல் அடிக்க ஆள் குறைந்ததென்று கூப்பிட்டிருக்கிறார்கள். அன்றைக்குச் சேறு அப்பிய காற்சட்டையோடு இருட்டி வீடு வந்தான். அவன் அம்மா திட்டத் திட்ட, கோப்பையில் இரண்டாம் தரம் சோறு போடச் சொன்னான்.